பின்னிய மொழியில் ஓர் இரா வழிபாடு

"தாய்மொழி வீட்டுக்கு ஆகும், சந்தைக்கு ஆகும், இறைவன் திருமுன் மட்டும் ஆகாது" என்னும் கூற்று தமிழகத்தில் மட்டும் முளைத்த களையன்று. ஒரு மக்களினத்தின் தலைமேல் வேற்றுமொழி குடை கவித்து அமர்ந்த நாடுகள் பலவற்றிலும் அது முளைத்திருக்கின்றது. அறமன்றம் தாய்மொழிக்குக் கதவு திறந்தது, பள்ளி திறந்தது, அரசு அலுவலகமும் முணுமுணுத்துக்கொண்டே திறந்தது. கோயில் மட்டும் தாழ்ப்பாளைக் கையில் பிடித்துக்கொண்டு, "இறைவனுக்குகந்த ஒலி இம் மொழியில் இல்லையே!" என்று இரங்குவதுபோல் நின்றது. ஒலியைச் சாட்டாகக் காட்டுவோர்க்கு ஒலியாலேயே விடை தரவேண்டும். அத்தகைய விடையொன்று ஐரோப்பாவின் வடகோடியில், பின்லாந்து நாட்டில், 1971-ஆம் ஆண்டில் எழுந்தது. தமிழன்பர்கள் அறிந்திருக்கவேண்டிய விடை அது.

அவ் விடையின் பெயர் 'விகிலியா'. ஆக்கியவர் எயினோயுகானி இரௌத்தவாரா (1928-2016). சிபேலியசுக்குப் பின் பின்லாந்து ஈன்ற இசையாசிரியர்களுள் உலகறிந்த ஒருவர். எல்சிங்கித் திருவிழாவை நடத்துவோரும் பின்லாந்தின் மரபுவழித் திருச்சபையும் ஒருங்கே கேட்டுக்கொண்டதற்கிணங்க, திருமுழுக்கு யோவானின் நினைவுக்குரிய இரா வழிபாட்டுக்கு அவர் இசை வகுத்தார். மாலை வழிபாட்டுப் பகுதி 1971-இலும் வைகறை வழிபாட்டுப் பகுதி 1972-இலும் எல்சிங்கி நகரின் உசுபென்சுகிப் பெருங்கோயிலில் முதன்முறையாகப் பாடப்பெற்றன. துறைமுகத்தை நோக்கிப் பாறைக்குன்றின்மேல் நிற்கும் அச் செங்கற் கோயில், உருசியப் பேரரசின் ஆட்சிக்காலத்தில், 1868-இல் திருநிலைப்படுத்தப்பெற்றது. உருசியர் எழுப்பிய கோயிலுக்குள் பின்னிய மொழி ஓரிரவு முழுதுக்குமான பெருவழிபாடாய் ஒலித்தது என்பதைப் படிப்போர் முதற்கண் மனத்திற் கொள்க.

இன்னொன்றையும் கொள்க. அவ் வழிபாட்டில் யாழில்லை, குழலில்லை, முழவில்லை. உருசியாவிலும் பின்லாந்திலும் வழங்கும் மரபுவழித் திருச்சபை, வழிபாட்டில் மாந்தர் குரலையன்றி வேறொன்றையும் ஏற்பதில்லை. மற்றத் திருச்சபையினர் ஆர்கன் என்னும் பெருங்கருவியை முழக்கும் இடத்தில் இவர்கள் மிடற்றை மட்டுமே நம்பினர். ஆண்குரலும் பெண்குரலுமாய்ப் பல அடுக்குகளில் எழும் சேர்ந்திசை. அதன் நடுவே தனிக்குரல்கள். கருவி இருந்தால் சொல் அதன் பின்னே ஒளிந்துகொள்ளலாம். மொழி வலுவற்றதாயின் கருவி அதைத் தாங்கிப் பிடிக்கலாம். மிடற்றிசையிலோ ஒளிவதற்கு இடமே இல்லை. உயிரும் மெய்யும், குறிலும் நெடிலும், ஒற்றும் அழுத்தமும் வெட்டவெளியில் நிற்கும். ஆகவே ஒரு மொழி வழிபாட்டுக்குத் தகுமா தகாதா என்று ஒலிவழி ஆய்ந்து பார்ப்பதற்கு இதனினும் கடுமையான தேர்வு வேறில்லை.

அத் தேர்வை எழுதியவரின் பெயரே ஒரு தனிக்கதை. தந்தையார் எயினோ ஆல்பிரட்டு, இசைக்கூத்துப் பாடகர். கோயிற் பாடகராகவும் பணியாற்றியவர். அவர்தம் குடிப்பெயர் முதலில் 'யெர்ன்பெரி' என்னும் சுவீடிய மொழிப் பெயராக இருந்தது. அதற்கு இரும்புமலை என்று பொருள். 1901-இல் அவர் அதைத் தூக்கியெறிந்து 'இரௌத்தவாரா' என்று வைத்துக்கொண்டார். பின்னிய மொழியில் 'இரௌத்தா' இரும்பு, 'வாரா' குன்று. பொருள் அதே, மொழி தமது. தாயார் பிறந்த குடியின் பெயர் 'தெராசுவுவோரி', அஃதாவது எஃகுமலை. இரும்புமலைக்கும் எஃகுமலைக்கும் பிறந்த பிள்ளை பாடலுக்கு வந்தது! வேதாசலம் 1916-இல் மறைமலை ஆன வரலாற்றை அறிந்த தமிழர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. ஆங்கும் மலை, ஈங்கும் மலை. பின்லாந்தில் இது ஒருவர் இருவர் செயலாகவும் நின்றுவிடவில்லை. மொழியுரிமைக்குப் பாடாற்றிய சினெல்மன் என்பாரின் நூற்றாண்டு நிறைவையொட்டி 1906 மே 12-ஆம் நாளிலும் அதனை அடுத்தும் பல்லாயிரங் குடும்பத்தார் தம் சுவீடியப் பெயர்களை விடுத்துப் பின்னியப் பெயர்களைச் சூடிக்கொண்டனர்.

பின்னிய மொழியின் நிலைமை அதுவரை எவ்வாறிருந்தது? 1809 வரை அந்நாடு சுவீடிய அரசின்கீழ் இருந்தது. அதன்பின் 1917 வரை உருசியப் பேரரசின்கீழ் இருந்தது. மக்களிற் பெரும்பாலோர் பேசியது பின்னியம். ஆண்டதும் கற்பித்ததும் தீர்ப்புரைத்ததும் சுவீடியம். உழவன் தன் நிலத்தின் வழக்கையே விளங்கிக்கொள்ள மாட்டாமல் அறமன்றத்தில் நிற்பான். பின்னிய மொழிவழிக் கல்வி தரும் முதல் மேல்நிலைப் பள்ளியே 1858-இல்தான் யுவாசுகிலா என்னும் ஊரில் தோன்றியது. 1863-இல் உருசிய மன்னர் இரண்டாம் அலெக்சாந்தர் பிறப்பித்த ஆணைதான், இருபது ஆண்டுகளுக்குள் அரசு அலுவல்களிலும் மன்றங்களிலும் பின்னியத்திற்குச் சமநிலை கிடைக்க வழி செய்தது. அதற்கு முன்பே, 1835-இல், எலியாசு இலோன்ரோத்து நாட்டுப்புறப் பாட்டுகளைத் திரட்டிக் 'கலேவலா' என்னும் பெருங்காப்பியமாகத் தொகுத்துத் தந்திருந்தார். மொழி எழுந்ததற்குப் பாட்டே முதற்படி என்பதைக் கல்வித்துறையினர் கருத்திற் கொள்க.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் அறமாகாது. பின்லாந்தின் பெரும்பான்மைச் சமயத்தாரான இலூத்தரியர், கோயிலில் தாய்மொழியை நெடுங்காலம் முன்னரே ஏற்றுக்கொண்டனர். மிக்கேல் அக்ரிகோலா என்னும் ஆயர் 1543 அளவில் பின்னிய அரிச்சுவடி ஒன்றை அச்சிட்டார். 1548-இல் புதிய ஏற்பாட்டைப் பின்னியத்தில் தந்தார். ஆகவே அந்நாட்டிற் கோயிற்கதவு முற்றும் மூடிக்கிடந்தது என்றல் பொருந்தாது. மூடிக்கிடந்தது மற்றொரு கோயில். மக்களில் நூற்றுக்கு ஒருவர் அளவே உள்ள மரபுவழித் திருச்சபையினர், கிழக்கே கரேலியா நிலத்தில் வாழ்ந்தவர்கள், பின்னியமும் கரேலியமும் பேசினர். கோயிலிற் கேட்டதோ திருச்சபைச் சிலாவியம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் அவர்தம் வழிபாட்டு நூல்கள் பின்னியத்தில் வரத் தொடங்கின. 1923-இல் அத் திருச்சபை உருசியத் தலைமையினின்று நீங்கிக் கான்சுடாண்டிநோபிள் தலைமையின்கீழ்த் தன்னாட்சி பெற்றபின் அம் மாற்றம் விரைந்தது.

திருச்சபைச் சிலாவியம் என்பது யாது? அதன் கதையைக் கேட்டால், 'தேவமொழி' என்று எதையும் தூக்கிப் பிடிப்போர் நாணித் தலைகவிழ நேரும். கி.பி. 863-இல் சிரில், மெத்தோடியசு என்னும் உடன்பிறந்தார் இருவர் மொராவியா நாட்டுக்கு அனுப்பப்பெற்றனர். சிலாவிய மக்கள் தம் சொந்த மொழியிலேயே வழிபடவேண்டும் என்பதற்காக அவர்கள் அம் மொழிக்கு எழுத்து வகுத்தனர், திருநூலைப் பெயர்த்தனர். உடனே எழுந்தது எதிர்ப்பு. எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் என்னும் மூன்று மொழிகளே இறைவனைப் புகழத் தக்கவை. நான்காவதொன்று கூடாது என்றனர் எதிர்த்தோர். உடன்பிறந்தார் வாதிட்டு வென்று உரோமைத் தலைமையின் ஒப்புதலும் பெற்றனர். ஆயினும் 885-இல் மெத்தோடியசு மறைந்தபின் மொராவியாவிற் சிலாவிய வழிபாடு தடுக்கப்பட்டது. மாணாக்கர் துரத்தப்பட்டுப் பல்கேரியாவிற் புகல்புகுந்தனர். தாய்மொழி வழிபாட்டுக்காகத் துன்புற்றுப் பிறந்த அம் மொழியே, நூற்றாண்டுகள் கழிந்து மக்கள் வழக்கினின்று விலகியபின், அயல் மக்களின் வாயை அடைக்கும் தெய்வமொழியாய் அரியணை ஏறிற்று! ஒரு மொழிக்குத் தூய்மையை வழங்குவது இறைவனல்லன். காலமும் வழக்கமுமே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சிலாவியத்தின் இசைவளத்தைக் குறைத்துப் பேசுதல் எவ்வாற்றானும் முறையன்று. உருசிய இசைப்பேரறிஞர் இராக்மானினாவ் 1915-இல் இயற்றிய 'இரா முழுதும் விழித்திருத்தல்' என்னும் மிடற்றிசைப் படைப்பு பதினைந்து பகுதிகளை உடையது. அவற்றுட் பெரும்பாலானவை பழைய கோயிற் பண்களைத் தழுவியவை. மாசுகோவில் அவ் வாண்டின் மார்ச்சுத் திங்களில் அது முதன்முறை பாடப்பெற்றபோது கிடைத்த பொருள் போர்க்கால உதவிக்கு அளிக்கப்பட்டது. ஒரு திங்களுக்குள் ஐந்து முறை அது பாடப்பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் உருசியாவில் ஆட்சி புரண்டது. அதைப் பாடிய கோயிற் பாடகர் குழுவும் கலைக்கப்பட்டது. அப் படைப்பைக் கேட்டவர் எவரும் சிலாவியத்தின் ஒலியழகை மறுக்கமாட்டார். ஆனால் இராக்மானினாவின் இசை அழகாய் இருப்பது ஏன்? அவர்தம் மக்களின் மூச்சோடும் நாவோடும் இழைந்த மொழிக்கு, அம் மொழியினின்றே எழுந்த பண்ணை அவர் எடுத்ததனால். அவ் வழகைக் காட்டிப் பின்னியரை "நீங்களும் இதையே பாடுங்கள்" என்பது, அடுத்த வீட்டுப் பிள்ளையின் சட்டை அழகாயிருக்கிறதென்று தன் பிள்ளைக்கு அதை மாட்டுவது போன்றது.

இனி நடுப்பொருளுக்கு வருவோம். வழிபாட்டைத் தாய்மொழிக்கு மாற்ற விழைவோரிற் பலர், சொல்லைப் பெயர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுகின்றனர். பழைய மெட்டு அப்படியே இருக்கும். அதன்மேல் புதிய சொற்களை ஒட்டிவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். பின்லாந்துத் திருச்சபையிலும் நெடுங்காலம் நடந்தது இதுதான். பீட்டர்சுபர்கு அரண்மனைப் பாடகர் மரபில் நாலுகுரலுக்கென அமைந்த உருசிய மெட்டுகளிற் பின்னியச் சொற்களைப் பெய்து பாடினர்.

இதிலுள்ள இடர்ப்பாட்டைத் தமிழர் எளிதில் உணர்வர். ஏனெனில் பின்னிய மொழிக்கும் தமிழைப் போலவே குறிலும் நெடிலும் உயிர்நாடி. 'துலி' என்றால் நெருப்பு. 'தூலி' என்றால் காற்று. 'துல்லி' என்றால் சுங்கம். எடு, ஏடு, எட்டு என்பவற்றைப் போல. உயிர் நீண்டால் ஒரு பொருள். ஒற்று இரட்டித்தால் மற்றொரு பொருள். மேலும் பின்னியச் சொல்லின் அழுத்தம் எப்போதும் முதலசையில் விழும்; சிலாவியத்திலோ அழுத்தம் சொல்லுக்குச் சொல் இடம்மாறும். உருசிய மெட்டு, தன் சொல்லின் நடுவிலோ இறுதியிலோ குரலை ஏற்றி நீட்டும். அவ்விடத்திற் பின்னியச் சொல்லின் குறில் வந்து அகப்பட்டுக்கொண்டால் என் செய்யும்? நெருப்பைப் பாடப் புகுந்தவர் காற்றைப் பாடி முடிப்பார். கேட்போர் பழக்கத்தால் பொருளை ஊகித்துக்கொள்வர் என்பது உண்மையே. ஆனால் ஊகித்துக் கேட்கவேண்டிய மொழி இயல்பான மொழியாய் இராது. "நம் மொழி கோயிலுக்கு ஒட்டவில்லை" என்னும் எண்ணம் மெல்ல மெல்ல ஊறும். ஒட்டாதது மொழியன்று, மெட்டு. பழி விழுவதோ மொழியின்மேல்.

இரௌத்தவாரா செய்த பெரும்பணி இந்த இடத்தில்தான் உள்ளது. அவர் பழைய உருசிய மெட்டை எடுத்துச் சீர்செய்யவில்லை. பின்னியச் சொல்லையே வித்தாக்கி இசையை வளர்த்தார். பாடகர் குழுவினர் ஒரே நிலையில் நின்று, பேச்சின் ஓட்டத்திலேயே, குறிலுக்குக் குறிலும் நெடிலுக்கு நெடிலுமாய் ஓதிச் செல்லும் இடங்கள் அதில் உண்டு. அங்கே தாளத்தை வகுப்பது சொல்லேயன்றிக் கோலன்று. மெலிவு நிலையின் அடியாழத்திலிருந்து எழும் ஆண்குரல் ஒன்று வழிபாட்டைத் தொடங்கி நடத்துகின்றது. அக் குரல் உருசிய மரபினின்று வந்தது என்பதை எவரும் அறிவர். வந்தது குரல், பேசுவது பின்னியம். குரல்மேற் குரலாய் அடுக்கி எழும் ஒலிக்கோபுரங்களும், நீண்ட அடிக்குரலின்மேல் ஊர்ந்து செல்லும் தனிக்குரலும் கிழக்கத்தியத் திருச்சபையின் பழமையை நினைவூட்டுகின்றன. அவற்றோடு அடுத்தடுத்த இசைநிலைகளை ஒருங்கே நெருக்கி ஒலிக்கும் இக்கால முறையும், இசைநிலைகளுக்கு இடைப்பட்ட நுண்ணொலிகளும் கலந்து வருகின்றன. பாடகர் கிசுகிசுக்கின்றனர், பேசுகின்றனர், குரல் மேலிருந்து கீழாக வழுக்கி இறங்குகின்றது.

"இது வழிபாடா, கூத்தா?" என்று முகஞ்சுளிப்போர் இருக்கலாம். சுளிப்பதற்குமுன் அந் நாள் எந் நாள் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். அவ் வழிபாடு யோவான் தலை கொய்யப்பட்ட நினைவுநாளுக்கு உரியது. ஏரோது மன்னனின் பிறந்தநாள் விருந்து. ஒரு பெண்ணின் ஆட்டம். மயங்கிய மன்னன் வாய்தவறி அளித்த வாக்கு. தட்டிலேந்தி வந்த தலை. அந்நாட் பாடல்கள் இக் கொடுமையை மூடிமறையாமற் கூறுவன. அவற்றின் பழமையும் கரடுமுரடான கடுமையுமே இசையாசிரியரை ஈர்த்தன. இவற்றை இழைந்த இன்குரலில் பாடியிருந்தால் அதுவன்றோ கூத்து! மேலும், தாய்மொழி வழிபாடு என்றாலே எளிய மெட்டும் கைதட்டும் தாளமுமாக இருத்தல் வேண்டும் என்று நினைப்பது, அம் மொழியைத் தாழ்த்துவோரின் எண்ணத்தை மறைமுகமாக ஏற்றுக்கொள்வதாகும். அயன்மொழிக்கு ஆழ்ந்த இசை, தாய்மொழிக்குத் தெருப்பாட்டு என்று பங்கிட்டவர் எவர்? இப் படைப்பிற் சில இடங்கள் கேட்பதற்குக் கடினமானவை. இருமுறை மும்முறை கேட்டபின்பே திறப்பவை. அவ்வாறு கடினமாய் இருக்கும் உரிமையும் தாய்மொழிக்கு வேண்டும்.

இவ் விசைக்கு ஊற்றுக்கண் ஒரு சிறுவனின் கண்ணிலும் காதிலும் திறந்தது. 1939-ஆம் ஆண்டுக் கோடையில், பத்து அகவையினனாய் இருந்த இரௌத்தவாரா, பெற்றோருடன் இலதோகா என்னும் பேரேரியின் நடுவே தீவிலிருந்த வலாமோ துறவிமடத்திற்குச் சென்றான். ஏரியின் நடுவே எழுந்த கோபுரங்களும், வண்ண ஓவியங்களும், மணியொலியும் அப் பிள்ளையின் நெஞ்சில் நிலைத்தன. அதே ஆண்டில் தந்தை மறைந்தார். நவம்பர் இறுதியிற் போர் மூண்டது. துறவிகள் தீவைவிட்டு வெளியேறிப் பின்லாந்தின் உள்நாட்டில் ஐனாவேசி என்னுமிடத்தில் புது வலாமோவை நிறுவினர். கரேலியாவின் பெரும்பகுதி சோவியத்து நாட்டின் கைக்குப் போயிற்று. அங்கு வாழ்ந்த மரபுவழித் திருச்சபை மக்கள் வீடுவாசலும் கோயிலும் விட்டுப் பிரிந்து நாடெங்கும் சிதறினர். இழந்த நிலத்தை மீட்க முடியாத மக்கள் வழிபாட்டை மொழிக்குள் குடியேற்றினர் எனல் மிகையாகாது. சிறுவன் கண்ட அக் காட்சி 1955-இல் 'திருவோவியங்கள்' என்னும் பியானோ இசைத்தொகுப்பாக ஒருமுறை வெளிப்பட்டது. முப்பதாண்டுகளுக்கு மேல் கழிந்து 'விகிலியா'வாக முழுதும் மலர்ந்தது. இரௌத்தவாராவோ மரபுவழித் திருச்சபையைச் சார்ந்தவரல்லர். பிறருடைய வழிபாட்டுக்குத் தம் மொழியின் மேன்மையைக் கொடையாகத் தந்தவர் அவர். அவ் வைகறைப் பகுதி வெளிவந்த 1972-ஆம் ஆண்டிலேயே, வடதுருவப் பறவைகளின் குரல்களைப் பதிந்து அவற்றோடு கருவியிசையை இணைத்துக் 'கந்துசு ஆர்க்திக்கசு' என்னும் படைப்பையும் தந்தார். பறவையின் குரலுக்கும் அதனதன் நிலம் உண்டென்று அறிந்த செவி அது.

தனித்தமிழன்பர்க்குச் சுவை தரும் செய்தி மற்றொன்று. பின்னிய மொழி அயற்சொல்லை எவ்வாறு நடத்துகின்றது? பழங்காலத்தில் உள்ளே வந்தவற்றைத் தன் ஒலியியல்புக்கு வளைத்து, அடையாளமே தெரியாதபடி தன்னதாக்கிக்கொண்டது. சொல்லின் முதலில் மெய்கள் மயங்கி நிற்பதை அம் மொழி பண்டு ஏற்றதில்லை; 'சுத்ராந்து' என்னும் செருமானிய இனச் சொல் உள்ளே நுழைந்தபோது முன்னிருந்த இரு மெய்களையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு 'ரந்தா' என்றாகிக் கரையைக் குறித்தது. சிலுவையைக் குறிக்கும் 'ரிசுத்தி', திருநூலைக் குறிக்கும் 'ராமத்து' ஆகியனவும் பண்டு சிலாவியத்தினின்று வந்து உருமாறியவையே. வடவெழுத்தை நீக்கி வழங்கச் சொன்ன தொல்காப்பியர் நெறியை எங்கோ பனிநாட்டார் தாமாகவே கைக்கொண்டிருந்தனர் போலும்! பிற்காலத்திலோ அவ்வாறு வளைப்பதைக் காட்டிலும் புதிதாக ஆக்குவதையே விரும்பினர். மின்னாற்றலுக்குப் பொறி தெறித்தலையும் சீறலையும் உணர்த்தும் சொந்த வேர்களினின்று 'சாஃகோ' என்றனர். தொலைபேசிக்குப் பேசுதல் என்னும் வினையினின்று 'புகெலின்' என்றனர். கணினிக்கு அறிவுப்பொறி என்னும் பொருளில் 'தியெத்தோகொனே' என்றனர். நகைத்தவர் இருந்திருப்பர். இன்று அந் நாட்டுக் குழந்தைக்கு அவை அம்மா, அப்பா போன்ற சொற்கள்.

இவ்வளவும் இருக்க, படைப்பின் தலைப்பை மட்டும் 'விகிலியா' என்று இலத்தீனில் விட்டது ஒரு குறையே. மாலை வழிபாட்டுக்கு 'எஃதோபல்வெலுசு' என்றும், காலை வழிபாட்டுக்கு 'ஆமுபல்வெலுசு' என்றும் அத் திருச்சபையே பின்னியப் பெயர்களை வழங்கிக்கொண்டிருக்க, முகப்பில் இலத்தீன் எதற்கு? உலக அரங்கில் எளிதில் அறியப்படும் என்று அமைவு கூறுவர். இரும்புமலையின் மகனுக்கு அவ் வமைவு வேண்டியதில்லை.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. அது படைப்பின் குறையன்று, அதற்கு நேர்ந்த நிலை. கோயில் வழிபாட்டுக்கென எழுந்த இரு பகுதிகளையும் இணைத்து, வழிபாட்டில் திரும்பத் திரும்ப வருவனவற்றைக் குறைத்து, ஒரு மணி நேரத்திற்குச் சற்றே மிகுந்த அரங்க வடிவமாக இசையாசிரியரே அமைத்துத் தந்தார். இன்று அது பெரும்பாலும் அவ் வடிவிலேயே, பயிற்சி மிக்க பாடகர் குழுக்களால், இசையரங்குகளிற் பாடப்பெறுகின்றது. பின்லாந்து வானொலியின் அறைப்பாடகர் குழு திமோ நுவோரன்னே தலைமையில் பாடிய ஒலிவட்டு உலகெங்கும் சென்றுள்ளது. மகிழ்ச்சியே. ஆயினும் ஊர்க்கோயிலின் பத்துப்பதினைந்து பாடகர்கள் எடுத்துப் பாடக்கூடியதன்று இது. அதற்குரிய ஆழ்குரல் கொண்டவரே நாட்டிற் சிலர். மலையுச்சியில் ஏற்றிய விளக்கு தொலைவுக்குத் தெரியும். அடுப்படிக்கு வேறு விளக்கு வேண்டும். அவ் வடுப்படி விளக்கை ஏற்றியவர்கள் புகழ்பெறாத கோயிற் பாடகர்களும் மொழிபெயர்ப்பாளரும் ஆவர். புது வலாமோவின் துறவிகளே, தீவிலிருந்து சுமந்துவந்த சிலாவியத்தை விட்டு, 1970-களிற் பின்னியத்தை அன்றாட வழிபாட்டு மொழியாக ஏற்றனர். பெரும்படைப்பு பிறந்ததும் அன்றாட வழிபாடு மாறியதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தன. இரண்டில் ஒன்று மட்டும் நடந்திருந்தால், ஒன்று காட்சிப்பொருளாகவும் மற்றது வெறுங் கடமையாகவும் நின்றிருக்கக் கூடும்.

இங்கே தமிழ்நாட்டின் நிலையோடு ஒப்பிடாமல் எவரும் படித்திருக்க இயலாது. 2020 பிப்ரவரியில் தஞ்சைப் பெருவுடையார் கோயிற் குடமுழுக்கில் தமிழும் இடம்பெற உயர் அறமன்றம் வரை செல்லவேண்டியிருந்தது. 2021 ஆகத்தில் 'அன்னைத் தமிழில் அருச்சனை' என்னும் திட்டத்தை அரசு தொடங்கியது. போற்றி நூல்களும் வெளிவந்தன. வரவேற்கத்தக்கனவே. ஆனால் அப் போற்றிகளை ஓதும்போது கேட்கும் ஏற்றவிறக்கம் எம் மொழியினுடையது? சொல் தமிழாகவும், ஓதும் ஓசை வடமொழியினதாகவும் இருப்பின், குறில் நெடிலாக நீண்டும் நெடில் குறுகியும் சொற்கள் நெரிபடும். பின்னியர்க்கு உருசிய மெட்டில் நேர்ந்ததே இங்கும் நேரும். பின்னியர் இசையைப் புதிதாக ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. தமிழர்க்கோ பண் சுமந்த திருமுறைகள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகக் கைவயம் உள்ளன. தமிழ்ச் சொல்லின் அசையோடு பிறந்த இசை அது. அதனைக் காத்துவந்த ஓதுவார்கள், வழிபாட்டின் நடுவிடத்தினின்று விலகிக் கோயிலின் ஒருபுறத்தில் நின்று, அழைக்கும்போது பாடிவிட்டுப் போகின்றனர். போற்றி நூலை அச்சிடும் துறை, அதை எந்தப் பண்ணில் எவ்வாறு ஓதுவது என்று ஓதுவாரைக் கேட்டு ஒலிப்பதிவோடு வெளியிட்டிருக்கவேண்டும். செலவு மிகுதியன்று, மனமே வேண்டும்.

'விகிலியா'வைப் பாட முன்வரும் அயல்நாட்டுப் பாடகர் குழு எதுவாயினும் முதலிற் பின்னிய ஒலிப்பைப் பயிலவேண்டும். இரட்டை உயிரை இரட்டையாகவும் ஒற்றை உயிரை ஒற்றையாகவும் நிறுத்தவேண்டும், இரட்டித்த ஒற்றில் மூச்சைத் தேக்கிப் பின்பு விடவேண்டும், முதலசையை ஊன்றவேண்டும். அவ்வாறு பயிலாத குழுவின் வாயில் அவ் விசை நடவாது. ஏனெனில் இசையாசிரியர் அங்கே மொழியை இசைக்குள் வைக்கவில்லை; மொழியிலிருந்தே இசையைக் கடைந்தெடுத்திருக்கின்றார். உழவனின் வழக்கைக் கேட்கவும் மறுக்கப்பட்ட அந்த மொழியின் குறிலையும் நெடிலையும், மற்ற நாட்டுப் பாடகர்கள் இன்று ஏட்டில் குறித்துவைத்து, ஆசிரியர் முன் நின்று, தவறாமல் ஒலிக்கப் பழகுகின்றனர்.